இடது கால்

இன்னும் பதினோரு பேர் இருக்காங்க எனக்கு முன்னாடி. வெயில் பிடரியில ஏறுது, ஆடிக் காத்து சுண்ணாம்புத் தூளக் கெளப்பிக் கண்ணுல போடுது, இதுல இந்த ஆரோக்கியதாஸ் வேற பக்கத்துல வந்து நின்னு, "டென்ஷன் ஆகாதீங்க மேடம், கால் ஊனிட்டாலும் நான் இன்ஸ்பெக்டர் சார்கிட்ட சொல்லிப் பாக்கறேன், லேடீஸ்தானே"ங்கறான். சொல்லிப் பாக்கறானாம். உன்ன யாருய்யா சொல்லச் சொன்னா? டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்க, பன்னெண்டு கிளாஸ் எடுத்த, இன்னிக்கு டெஸ்ட்டுக்கு உன் வண்டியக் கொண்டாந்து நிறுத்தணும், அதோட உன் வேலை முடிஞ்சுது. அந்த லேடீஸ்தானே எதுக்கு? வாயில வந்தத முழுங்கிட்டுச் சிரிச்சு வெக்கறேன், ஏன் சிரிச்சு வெக்கறேன்னு எனக்கே தெரியல, முப்பத்தாறு வயசா இதே பொழப்பு, கோவம் வந்தா சிரிக்கறது. இடது கை அது பாட்டுக்குக் கட்டைப்பையோட காதக் கிளட்ச்சா நெனச்சுப் பிடிச்சு அமுக்குது. அமுக்கு, பாதி விடு, அங்கயே நிறுத்து, வண்டி நகரும், இன்னும் கொஞ்சம் விடு. பை நகர மாட்டேங்குது. எதுர்ல தரையில அந்த எட்டு கெடக்குது, சுண்ணாம்புல போட்ட எட்டு, பாத்தா சின்னப் புள்ளைங்க நோட்டுல எழுதற மாதிரி. அதுக்குள்ள கால் ஊனாம ஒரு சுத்து வரணும், அவ்வளவுதான். போன தடவ ரெண்டாவது வளைவுல ஊனிட்டேன். ஏழு செகண்டுதான் ஓட்டினேன். அந்த ஏழு செகண்ட விட்டா, கிளாஸ் முடிஞ்ச நாள்லேருந்து இன்னியோட நாப்பது நாள் ஆச்சு நான் ஒரு வண்டியத் தொட்டு. இன்னிக்கும் ஊனினேன்னா அடுத்த தேதி வாங்கி வர்றதுக்குள்ள ஆவணி பொறந்துரும், ஆவணி பொறந்தா பன்னீரோட வண்டி வையாபுரி மாமா மருமகன் வீட்டு வாசல்ல நிக்கும், மாலையப் போட்டு, குங்குமத்த வெச்சு. நெனச்சாலே பத்திக்கிட்டு வருது.

வையாபுரி மாமான்னா என் வீட்டுக்காரர் பன்னீரோட அண்ணன். பன்னீர் செத்து பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, சாப்பிட்ட எலை எடுக்கல, அவர் போயி ஆணியில தொங்கின சாவிய எடுத்து சட்டப் பையில போட்டுக்கிட்டாரு. சும்மா, தன் வீட்டுச் சாவிய எடுக்கற மாதிரி. வண்டி புக்கு எங்கம்மான்னு கேட்டாரு, நானும் பீரோவத் தெறந்து எடுத்துக் குடுத்தேன். மடச்சி. எடுத்துக் குடுத்தேன்! "வெயில்ல மழையில நின்னா வீணாப் போயிரும், நீ என்ன ஓட்டவா போற?" நீ என்ன ஓட்டவா போற. அந்த வார்த்த பதினாறு மாசமா காதுக்குள்ளயே குடித்தனம் பண்ணுது. வண்டி வீணாப் போகக் கூடாதாம், அவர் வீட்டுத் தாழ்வாரத்துல நிக்குது, சீட்டு மேல கோழி படுத்திருக்கு. ரெண்டு தெரு தள்ளித்தான், தெனம் அந்த வழியாத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போறேன், தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போகணும்னு நெனைப்பேன், கண்ணு போயிரும். வருஷ தெவசத்துக்கு எல்லாரும் கூடியிருந்தப்பதான் கேட்டேன், மாமா, அந்த வண்டி எனக்கு வேணும்னு. சாம்பார் வாளியோட நின்னவங்கல்லாம் அப்படியே நின்னாங்க. அவர் சிரிச்சாரு. "லைசென்ஸ் எடுத்துட்டு வந்து காட்டு, அன்னிக்கே சாவியத் தரேன், ஆவணி வரைக்கும் டைம். இல்லன்னா எம் மருமகனுக்கு, ஆவணி முகூர்த்தத்துல." பந்தியே சிரிச்சுது. என் மாமியார்கூட முந்தானைய வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சுது. அன்னிக்கும் நான் சிரிச்சேன். சிரிச்சுட்டு மறுநாள் வந்து எல்.எல்.ஆர். போட்டேன்.

பத்து பேர். ஒரு பையன் எட்டுக்கு வெளிய போயிட்டான், ஃபெயில். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு, அசிங்கமா இல்ல? இருக்கட்டும். முன்னாடி நிக்கற பெரியவர் திரும்பி, "ஸ்கூட்டி எடுத்துக்க வேண்டியதுதானம்மா, கியர் இல்லாம லேசா இருக்குமே"ங்கறாரு. பரோட்டா மாஸ்டராம், காஜா பாய்னு எல்லாரும் கூப்புடறாங்க, இருவது வருஷமா லைசென்ஸ் இல்லாம ஓட்டிட்டு இப்பத்தான் வந்திருக்காரு. எத்தன பேருக்குத்தான் பதில் சொல்லறது. எனக்கு ஸ்கூட்டி வேணாங்க, எங்க வீட்டு வண்டி வேணும், அதுல கியர் இருக்கு. சொல்லல. "பரவால்ல பாய்"னேன். ஹெல்மெட் வேற கையில கனக்குது. வண்டி இல்லாதவ ஹெல்மெட் வாங்கி வெச்சிருக்கேன், பஸ்ஸுல மடியில வெச்சுக்கிட்டு வந்தா கண்டக்டர், "வண்டி ரிப்பேராக்கா?"ங்கறாரு. ஆமாங்க, ரிப்பேர். பதினாறு மாசமா ரிப்பேர். ஆனா அந்த பஸ்ஸுதான் எனக்கு ஸ்கூலு. ஆரோக்கியதாஸ் பன்னெண்டோட நிறுத்திட்டான், பேட்ச் ஃபுல் மேடம்னுட்டான், அக்கம்பக்கத்துல வண்டி கேட்டா கீழ போட்டுருவியேன்னு பாக்கறாங்க, அப்ப கத்துக்கிட்டது கைய விட்டுப் போகாம இருக்க நான் என்னதான் பண்றது? முன் சீட்டுக்கடியில ஒரு கம்பி இருக்கும், இடது காலச் செருப்போட அதுக்குள்ள விட்டுக்குவேன். டிரைவர் கியர் போடறப்ப நானும் போடுவேன். இஞ்சின் எப்ப திணறுது, எப்ப எளகுதுன்னு காதக் குடுத்துக்கிட்டே இருப்பேன். ஒண்ணு கீழ, மத்ததெல்லாம் மேல. கட்டை வெரலால ஒரு அமுக்கு, அப்புறம் அடியில குடுத்துத் தூக்கு, தூக்கு, தூக்கு. பக்கத்துல உக்காந்த அம்மா கால் மரத்துப் போச்சான்னு கேட்டுச்சு. தையல் யூனிட்டுல மிஷின் பெடல்ல காலு, கையில யூனிஃபார்ம் காலரு, மனசு ரெண்டாவது வளைவுல, காலர் கோணிக்கிட்டுப் போச்சு, சூப்பர்வைசர் நாலு பேருக்கு நடுவுல அதத் தூக்கிக் காட்டி, இது சட்டையா சாக்கான்னு கேட்டான். கேளு. பிரிச்சு மறுபடி தெச்சுக் குடுத்தேன். மொட்ட மாடியில சாக்பீஸால எட்டுப் போட்டு காலையில நடப்பேன், ரெண்டு கையையும் ஹேண்டில் பாரப் பிடிச்ச மாதிரி நீட்டிக்கிட்டு, சக்கரத்தப் பாக்காம போகப் போற எடத்தப் பாத்துக்கிட்டு. எதுத்த வீட்டு சரோஜாக்கா அது சுகருக்கு நடக்கற எட்டுன்னு நெனச்சுக்கிச்சு. "எவ்வளவு எறங்கியிருக்கு அஞ்சுகம்?"னு கேட்டுச்சு. இருநூறுலேருந்து நூத்தி நாப்பதுன்னு வாயில வந்தத அடிச்சு விட்டேன். இப்ப அதும் எட்டுப் போட்டுக்கிட்டு நடக்குது.

எட்டு பேர். இல்ல, ஏழு. காலையில இட்லி எறங்கல, ரெண்ட டப்பாவுலயே மூடி வெச்சுட்டேன். இந்த எடத்துலதான் மனசு மாட்டிக்குது, தெனம் மாட்டிக்குது, ரெண்டாவது வளைவு. மொத வளைவு நல்லாத்தான் வரும், நடுவுல குறுக்க வெட்டற எடமும் வரும், வலது பக்கம் சாய்றப்ப வண்டி என்னையும் சேத்து இழுக்கற மாதிரி இருக்கும், ஒடனே முன் பிரேக்கப் பிடிச்சுருவேன், பிடிச்சா போச்சு. பிடிக்காத. பிடிக்காதடி. பின் பிரேக்க லேசா, கிளட்ச்சு பாதி, செகண்டு கியரு, கண்ணு அடுத்த முனையில. பாதி கிளட்ச், கண்ணு முனையில. நாப்பது நாளா இத ஜெபம் மாதிரி சொல்றேன். தூக்கத்துல கால் ஒதைக்குதுன்னு என் மக சொல்லுது. அது எங்கிட்ட ஒண்ணும் கேக்கல, ஸ்கூட்டி எடும்மான்னும் சொல்லல, அது ஒண்ணுதான் சொல்லல.

ஆறாவது ஆள் எறங்கறப்பதான் வண்டியக் கவனிச்சேன். இது நம்ம வண்டி இல்லையே? நான் கத்துக்கிட்டது கருப்பு, கொஞ்சம் ஒசரம், டேங்க்குல ஒரு சொட்டை இருக்கும். இது செவப்பு, குட்டையா. "ஆரோக்கியதாஸ், நம்ம வண்டி எங்க?" "அது ஒர்க் ஷாப்புல மேடம், செயின் போயிருச்சு. இது நூறு சிசி, இன்னும் லேசு, வெண்ணெ மாதிரி ஓடும். எல்லாம் ஒண்ணுதான்." எல்லாம் ஒண்ணுதான்னுட்டு போனப் பாத்துக்கிட்டு அந்தாண்ட போயிட்டான். காஜா பாய் என்னத் திரும்பிப் பாத்தாரு. மெதுவா, "ஒண்ணு இல்லம்மா. கியரு வேற. இதுல நாலும் முன்னாடி அமுக்கறது. தூக்கறதே கெடையாது. கொறைக்கணும்னா குதிகாலால பின்னாடி அமுக்கணும்"னாரு. "ஒண்ணு போட்டுட்டு தூக்கினா?"ன்னேன். "நியூட்ரல்ல விழும். வண்டி செத்துரும்." செத்துரும், கால் ஊனும். நாப்பது நாள். பஸ் கம்பி, தையல் மிஷின், மொட்ட மாடி, தூக்கத்துல ஒதைக்கற காலு, அத்தனையும் தப்பு. தப்பா ஓட்டிட்டிருந்தேன், இல்லாத வண்டிய, அதையும் தப்பா. அடப்பாவி, ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கக் கூடாதா? "ஆரோக்கியதாஸ்!" கத்திட்டேன். வரிசையே திரும்புச்சு. "கியர் மாறுதுல்ல, மொதல்லயே சொல்லணுமா வேணாமா?" அவன் ஓடி வந்து, "சத்தம் போடாதீங்க மேடம், சார் பாக்கறாரு, ஃபர்ஸ்ட்டுலயே ஓட்டிருங்க"ங்கறான். ஃபர்ஸ்ட்டுல வண்டி உறுமி உறுமி எகிறும், அதுல எட்டு வராதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானய்யா. இந்த தடவ சிரிக்கல நான். மூஞ்சிக்கு நேரா பாத்துக்கிட்டே நின்னேன், அவன்தான் சிரிச்சான், அசடு வழிய.

நாலு பேர். முன்னாடி, முன்னாடி, முன்னாடி. செருப்புக் காலத் தரையில அழுத்தறேன், மனசு முன்னாடிங்குது, காலு தூக்குது. மறுபடி. காலு தூக்குது. சனியன் பிடிச்ச காலு. அழுக வருது, அழ மாட்டேன், இந்த வரிசையில அழுதா முடிஞ்சுது. ஒரு காலு முன்னாடி அமுக்கி அமுக்கிப் போகுமே, நான் பாத்திருக்கேனே. எங்க பாத்தேன்? பழுப்பு ரப்பர் செருப்பு, கட்டை வெரல் நகம் கறுத்தது, சுத்தியல் விழுந்து கறுத்த நகம். அமுக்கும், மடக்னு ஒரு சத்தம், அமுக்கும், மடக்னு. ஸ்பீடு பிரேக்கர் வந்தா குதிகால் பின்னாடி எறங்கும். பன்னீர் காலு. ஒம்பது வருஷம் அந்த வண்டியில பின்னாடி ஒருக்களிச்சு உக்காந்துக்கிட்டுப் போனேன், சேலை சக்கரத்துல மாட்டாம சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு காலையும் இடது பக்கம் தொங்கப் போட்டு. ரோட்டப் பாக்க முடியாது, அவர் முதுகு மறைக்கும். குனிஞ்சா தெரியறது அந்தக் காலு ஒண்ணுதான். ஒம்பது வருஷம் நான் அதத்தான் பாத்திருக்கேன். மார்க்கெட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எங்கம்மா வீட்டுக்கு, முன்னாடி ஒண்ணு, முன்னாடி ரெண்டு, பாலத்துல ஏறறப்ப குதிகாலால ஒண்ணு கொறச்சு. எல்லாம் இருக்கு. ஒண்ணுகூட மறக்கல. செருப்ப அழுத்தறேன், அவர் அழுத்தற மாதிரி. தூக்கல.

சரி, இதுக்கு நான் சந்தோஷப்படணும்ல? படல. கோவம்தான் வருது, எங்கேருந்து வருதுன்னு தெரியாம அடிவயித்துலேருந்து வருது. ஒம்பது வருஷம் பின்னாடியே வெச்சிருந்தியே. ஒரு தடவ கேட்டேன், கல்யாணம் ஆன ரெண்டாவது வருஷம், ஏரிக்கரை காலியா கெடந்துச்சு, எனக்கும் சொல்லிக் குடேன்னு. "உனக்கு எதுக்கு? நான் இருக்கேன்ல." எவ்வளவு ஆசையா சொன்ன. நானும் எவ்வளவு ஆசையா அதக் கேட்டுக்கிட்டு ஏறி உக்காந்தேன். நான் இருக்கேன்ல. எங்க இருக்க? எங்கய்யா இருக்க இப்ப? அன்னிக்குக் காலையில நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தியே, வேர்த்துக் கொட்டிச்சே, வண்டி வாசல்லதான நின்னுச்சு. சாவி ஆணியில. ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். ஆட்டோவுக்கு நான் தெருமுனைக்கு ஓடறேன், ஒண்ணும் இல்ல, திரும்பி ஓடி வரேன், நீ சாவிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சு நிக்கற. "நான் ஓட்டறேன், நீ பின்னாடி ஏறு"ங்கற. உயிர் போற நேரத்துலயும் நீ பின்னாடி ஏறுங்கற. படி எறங்கி வண்டியப் பிடிச்ச, அப்படியே அதும் மேல சாஞ்ச. நான் ஓட்டத் தெரிஞ்சவளா இருந்திருந்தா. துப்பட்டாவ எடுத்து உன்ன என் முதுகோட கட்டிக்கிட்டு. பொழச்சிருப்பியான்னு யாருக்குத் தெரியும், ஆனா நான் ஓட்டியிருப்பேன்ல? தெருவுல நின்னு வர்ற வண்டியெல்லாம் கையக் காட்டிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்ல? இந்த வையாபுரிய நான் எதுக்குத் திட்டிக்கிட்டு இருக்கேன். அவர் பதினாறாம் நாள்தான் கேட்டாரு, நீ என்ன ஓட்டவா போறன்னு. நீ மொதல்லயே முடிவு பண்ணிட்ட.

"அஞ்சுகம், வைஃப் ஆஃப் லேட் பன்னீர்." இன்ஸ்பெக்டர் பேப்பரப் பாத்துப் படிக்கறாரு. ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டேன், வேர்வையில காது எரியுது. உக்காந்தேன். குட்டை வண்டி, ரெண்டு காலும் தரையில நல்லாவே பதியுது. கிளட்ச்சு. முன்னாடி ஒண்ணு, மடக்னு விழுந்துச்சு. பாதி விடு, அங்கயே நிறுத்து, நகருது. நேர் கோட்டுல முன்னாடி இன்னொண்ணு, காலு ஒரு நொடி தூக்கப் பாத்துச்சு, கொன்னுருவேன்னேன், அமுக்கிச்சு. செகண்டு. வெண்ணெ மாதிரியெல்லாம் இல்ல, ஒதறுது. மொத வளைவு, கண்ணு முனையில. என்னால முடியாதுன்னு நெனச்சியா, இல்ல, முடியும்னு தெரிஞ்சுதான் சொல்லிக் குடுக்கலையா, எது? குறுக்க வெட்டற எடம். பதில் சொல்லு. ரெண்டாவது வளைவு வருது, சாயுது, இழுக்குது, வலது கை முன் பிரேக்குக்குப் போகுது, போகாத, பின்னாடி லேசா, லேசா, சுண்ணாம்புக் கோடு சக்கரத்த உரசற மாதிரி வருது, பாக்காத, முனையப் பாரு, சொல்லுய்யா, நான் இருக்கேன்லன்னு சொன்னியே, சொல்லிட்டுப் போயிட்டியே, நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நாளாவது நெனச்சியா? முனை வந்துருச்சு. அதுக்கப்புறம் நேர் கோடுதான். காலு ரெண்டும் வண்டி மேலயே இருந்துச்சு.

"போதும், ஓரமா நிறுத்துங்க"ன்னாரு இன்ஸ்பெக்டர். நிறுத்தினேன். மூஞ்சியெல்லாம் தண்ணி, ஹெல்மெட் கண்ணாடிய எறக்கி விட்டிருந்ததால யாருக்கும் தெரிஞ்சிருக்காது. பேப்பர்ல டிக் போட்டாரு. "ரொம்ப நாளா ஓட்டறீங்களோ?"ன்னாரு, சந்தேகமா. "இல்ல சார், வண்டியே இல்ல." அவர் நிமிந்து பாத்துட்டு அடுத்த பேரக் கூப்புட்டாரு. ஆரோக்கியதாஸ் எல்லாப் பல்லும் தெரிய வந்து, "நான் சொன்னேன்ல மேடம், எல்லாம் ஒண்ணுதான்னு"ங்கறான். சாவிய அவன் கையில குடுத்தேன். காஜா பாய் மட்டும் தூரத்துலேருந்து தலைய ஆட்டினாரு, நானும் ஆட்டினேன்.

காம்பவுண்டு நெழல்ல நின்னு போன் போட்டேன்.

"மாமா, அஞ்சுகம் பேசறேன். பாஸ் ஆயிட்டேன்."

"எதுல?"

"வண்டியில. லைசென்ஸ் தபால்ல வந்துரும், அதுக்குள்ள சொல்லிருவோம்னு போட்டேன். வந்த அன்னிக்கே வரேன், சாவிய எடுத்து வைங்க."

அவர் தொண்டையச் செருமிக்கிட்டு, "ஏம்மா, அது ஏதோ எல போட்ட எடத்துல வெளையாட்டாச் சொன்னது. அதப் போயி இப்படிப் பிடிச்சுக்கிட்டு… சரி, என்ன விடு. தம்பி இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பானா? நீயே உன் மனசத் தொட்டுச் சொல்லு"ன்னாரு.

"ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரு மாமா."

"பாத்தியா?"

"அவர்கிட்டயே இப்பத்தான் சண்ட போட்டு முடிச்சேன். உங்ககிட்ட போட எனக்குத் தெம்பு இல்ல. சாவிய எடுத்து வைங்க."